கழுத்துப் பட்டிக்கு ஒற்றைப் பாதம்

என் மகன் குபாத், சாபான் என்கிற நீள அங்கி தைக்கிற சத்தர்குல்லின் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. பெண்ணின் பெயர் பேகாயிம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளாகவே பையைத் தூக்கிக்கொண்டு குபாத்தின் வேனில் ஏறி வந்தவள். வழக்கப்படி அறை மூலையில் திரை கட்டி, தலையில் வெள்ளைத் துணி போட்டு உட்கார வைத்திருந்தோம். மூன்று நாள் அவள் திரையை விட்டு வெளியே வரக் கூடாது. அவளிடம் யாரும் ஒரு துரும்பு வேலைகூட வாங்கக் கூடாது.

சத்தர்குல்லுக்குக் கராசூவில் பட்டறை. அந்தப் பட்டறைக்கு இந்தப் பெண்தான் வலது கை. வேன் ஓட்டுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று எங்களை இரண்டு தடவை டீயோடு திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை நாங்கள் போகவில்லை, பெண்ணே வந்துவிட்டாள். வந்த கையோடு அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, போனை என் கணவரிடம் கொடுக்கச் சொன்னார்.

"கழுத்துல கைய வச்சுக்கிட்டுப் பேசச் சொன்னா எந்தப் பொண்ணும் இஷ்டப்பட்டுத்தான் வந்தேன்னு சொல்லும். தூக்கிட்டுப் போயிருக்கீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் போலீஸோட வருவேன்."

இப்போதெல்லாம் பெண்ணைத் தூக்கினால் வருஷக்கணக்கில் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டியதுதான். கீழத்தெருவில் ஒருவன் ஒரு பெண்ணை அழ அழக் காரில் போட்டுக்கொண்டு வந்தபோது, போலீஸைக் கூப்பிடுங்கள் என்று முதலில் கத்தினவள் நான். அதே பழி என் பிள்ளை தலையில் விழும் என்று யார் கண்டது?

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரியவர்கள் ஆட்டுக்கிடாவோடு பெண் வீட்டுக்குக் கோபம் தணிக்கப் போக வேண்டும். பெண்ணின் அப்பா தோளில் ஒரு சாபானைப் போட வேண்டும். அந்த நீள அங்கி அவர் தோளில் தங்கினால் கோபம் தீர்ந்தது. ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் தட்டில் வரும், இரண்டு பக்கமும் தின்றால் சம்பந்தம் முடிவானது. அவர் அதை உதறிவிட்டால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார், என் பிள்ளை கோர்ட்டில் நிற்பான்.

என் கணவர் மாம்பெத் சாயங்காலமே பஜாருக்கு ஓடி ஒரு சாபான் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல துணி, நல்ல தையல். என் ஓரகத்தி புருல் அதை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே சத்தர்குல்லின் பட்டறைச் சீட்டு தைத்திருந்தது. அவர் தைத்ததை அவர் தோளிலேயே போட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறாயா என்று என் கணவரைக் கேட்டாள். அந்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. பஜாரில் தொங்குகிற சாபானில் பாதி அவர் பட்டறையில் தைத்ததுதான் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

ஆக, வீட்டிலேயே தைப்பது என்று ஆயிற்று. கணவரின் அறுபதாம் வயதுக்கென்று நான் பெட்டியில் வைத்திருந்த கருநீல வெல்வெட்டை எடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து பேகாயிம் தன் அப்பாவின் அளவைச் சொன்னாள். புருல் வெட்டினாள், நான் தைத்தேன். விடியும்போது உடம்பும் கையும் முடிந்து, கழுத்துப் பட்டிக்கும் முன்பக்க ஓரங்களுக்கும் பைப்பிங் வைக்கிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது.

மிச்சம் என்று சொல்லிவிட்டேன், அதுதான் வேலையே. கயிற்றைக் கிராஸாக வெட்டிய பொன்னிறச் சாட்டினில் சுற்றி, வெல்வெட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் கொடுத்து, கயிற்றை ஒட்டினாற்போலத் தைத்துக்கொண்டு போக வேண்டும். தையல் கயிற்றை விட்டு விலகினால் பைப்பிங் தொளதொளவென்று கிடக்கும். கயிற்றைத் தாண்டி அங்கிப் பக்கம் போனால் வெல்வெட்டில் ஊசித் துளை. பருத்தித் துணி என்றால் பிரித்துவிட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் துளை மூடிக்கொள்ளும். வெல்வெட்டில் விழுந்தது விழுந்ததுதான். வேறு துணியும் இல்லை.

புருல் என் கணவரின் அண்ணன் அசன்பாயின் மனைவி. மாஸ்கோவில் ஒரு தையல் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். உப்புமூட்டை தூக்கினாலும் மாஸ்கோவில் இப்படித்தான் தூக்குவோம் என்பாள். ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதங்கள் கிடக்கிற தகர டப்பாவை என் முன்னால் கவிழ்த்தோம். இரண்டு விரலும் தட்டையாக இருக்கிற சாதாரணப் பாதம் இதற்கு ஆகாது, கயிற்றின் மேல் ஏறிச் சாய்ந்துகொள்ளும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். பிறகு, ஜிப் வைத்துத் தைக்கிற ஒற்றைப் பாதம். ஒரே விரல், ஊசிக்கு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். மூன்றாவது, புருல் மாஸ்கோவிலிருந்து கொண்டுவந்தது. அடிப்பக்கம் நடுவில் பள்ளம் வெட்டியிருக்கும், கயிறு அந்தப் பள்ளத்துக்குள் ஓடும்.

ஒற்றைப் பாதம் கால்சட்டைக்குத்தான் லாயக்கு என்று புருல் அடித்துச் சொன்னாள். பைப்பிங்குக்கென்றே செய்த பாதம் கையில் இருக்கும்போது எதற்கு இந்த யோசனை என்றாள். எனக்கும் ஒற்றைப் பாதத்தை நினைத்தால் பயம்தான். அழுத்தம் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் வெல்வெட் நழுவும், வளைவில் எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய்விடும். கயிற்றில் ஒரு துண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தோம். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் தலையாட்டினோம்.

வெளியே கார் புறப்படத் தயாராக நின்றது. கிடா பின்பக்கம் கட்டிக் கிடந்து கத்தியது. மாம்பெத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குபாத் முற்றத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உலாத்தினான். அவனை அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளப் பாதத்தை மாட்டி, கழுத்துப் பட்டியில் நடு முதுகுப் பக்கம் துணியை வைத்து, மிதிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாலு விரல் நீளம் நன்றாகப் போவதுபோல இருந்தது. பிறகு மெஷின் தட்டுத்தடுமாறியது. பாதம் கயிற்றின் மேல் ஏறி ஏறி இறங்குகிறது, துணி நகர மறுக்கிறது, பைப்பிங் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. நான் கையால் உள்ளே தள்ளிக்கொடுத்தேன். அழுத்தி மிதி, போய்விடும் என்று புருல் சொன்னாள். நானும் அழுத்தி மிதித்தேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மெஷின்ல யாரு? நிறுத்துங்க. அது என்ன பாதமா, மாட்டுக் குளம்பா? இன்னும் ஒரு தையல் விழுந்துச்சு, திரைய பிச்சுக்கிட்டு வந்து கைய ஒடிச்சிருவேன்."

என் கால் தானாக நின்றுவிட்டது. வந்த மறுநாள். திரைக்குள் இருக்கிற பெண் தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு தும்ம வேண்டும். என் மாமியார் இருந்தவரை அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவர் நின்றால் நான் உட்கார்ந்ததில்லை. இவள் என் கையை ஒடிப்பாளாம். காது இரண்டும் சூடாகிவிட்டன. புருலைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"தங்கமான மருமக கெடச்சிருக்கா ஊல்கான். உனக்கேத்தவ" என்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மெஷினில் இருப்பது உன் மாமியார் என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல் இறங்கி வந்தது, ஆனால் விஷயத்தை விடவில்லை.

"மன்னிச்சுக்குங்க அத்தே. சத்தத்தக் கேட்டதும் பட்டறையில இருக்கறதா நெனச்சுட்டேன். பள்ளப் பாதம்தானே? கயிறு மட்டும் வச்சுப் பாத்தீங்களா, துணி சுத்தி வச்சுப் பாத்தீங்களா?"

கயிற்றை மட்டும்தான் வைத்துப் பார்த்திருந்தோம். அதன்மேல் சாட்டின் ஒரு சுற்று, மேலே வெல்வெட், கீழே லைனிங். எல்லாம் சேர்ந்தால் கயிறு இரண்டு மடங்கு தடிமன். மாஸ்கோ பாதம் யூனிபார்ம் சட்டைக்கு மெல்லிய பைப்பிங் வைக்கிறதற்குச் செய்தது. புருலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்கும்தான் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு பேரும் கோட்டை விட்டோம்.

துணியை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒதுங்கின கயிறு எங்களைக் காப்பாற்றியிருந்தது. தையல் கயிற்றுக்கு வெளிப்பக்கம், பிறகு உள்ளே மடிந்துபோகிற ஓரத்தில்தான் விழுந்திருந்தது. கயிற்றுக்கு இன்னும் நெருக்கமாக ஒரு தையல் போட்டால் பழைய துளைகள் உள்ளே மறைந்துவிடும். ஆனால் அந்த இரண்டாவது தையல் ஒரு நூல்கூட அங்கிப் பக்கம் போகக் கூடாது. பாதத்துக்கு இரண்டு பக்கமும் வெல்வெட் முடி நசுங்கித் தடம் தெரிந்தது. விரலால் தடவி எழுப்பப் பார்த்தேன், கொஞ்சம்தான் எழுந்தது.

ஒற்றைப் பாதத்தைப் போடச் சொன்னாள் பேகாயிம். அதன் விரல் ஓரத் துணியின் மேல் மட்டும் உட்காரும், வெல்வெட்டைத் தொடாது என்றாள். நழுவுமே என்றேன். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிட வேண்டும், பிறகு வளைவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும், நிறுத்தினால்தான் நழுவும் என்றாள். சொல்வதற்கு எளிது. என் கைகளைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தைத்த கை ஒரு நூல்கூடப் பிசகாது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. புருல் தன் கைகளைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டறேன் அத்தே" என்றாள் உள்ளேயிருந்து.

புருல் கூடாது என்று கையை ஆட்டினாள். திரைக்குள் இருக்கிற பெண்ணை மெஷினில் உட்கார வைத்தோம் என்று தெரிந்தால் ஊர் காறித் துப்பும், அவள் அப்பனுக்குத் தெரிந்தால் அதற்கே தனியாக ஒரு கேஸ் போடுவான் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நசுங்கின கழுத்துப் பட்டியோடு ஒரு சாபானைக் கொண்டுபோய், சாபானே வாழ்க்கையாக இருக்கிற மனுஷன் தோளில் எப்படிப் போடுவது? அவர் அதை உதற இன்னொரு காரணத்தை நானே கையில் கொடுப்பேனா? ஜன்னலில் மறுபடியும் மாம்பெத்தின் தலை தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு வெளிய வரக் கூடாதுன்னுதானே வழக்கம்? மெஷின் உள்ள போகக் கூடாதுன்னு எந்தப் பெரியவரும் சொல்லலையே. அந்தப் பக்கம் புடிங்கக்கா" என்றேன்.

கால் மிதியோடு இருக்கிற பழைய ரஷ்ய மெஷின், இரும்புச் சுமை. கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பேரும் மூச்சு வாங்க இழுத்துத் திரைக்குள் தள்ளினோம். பேகாயிம் வெள்ளைத் துணியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அப்பா தன்னோடு பேசாமல் போனை வைத்ததற்கு அழுத அழுகை அது, ராத்திரி எனக்குக் கேட்டது. கையைப் பார்த்தேன். அது ஆடவில்லை.

ஓட்டுத் தையலை அவளே போட்டாள், வேகமாக, பார்க்காமலேயே. ஒற்றைப் பாதத்தை மாட்டி, ஊசி அதன் விளிம்பை ஒட்டி இறங்குகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். மிச்சத் துணியில் ஒரு சாண் ஓட்டி, நகத்தால் கயிற்றைத் தட்டிப் பார்த்தாள். பிறகு சாபானை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கி இழுக்காமல் கனத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். நான் இரண்டு கையாலும் அந்த வெல்வெட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நின்றேன். எனக்கு உத்தரவு போடுகிறாளே என்று நினைக்கக்கூட நேரமில்லை.

மிதித்தாள். முன்பக்க ஓரம் நேராக மேலே வந்தது. கழுத்து வளைவு ஆரம்பித்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. இடது கை துணியைத் திருப்பிக்கொண்டே போக, ஊசி கயிற்றை ஒட்டி ஒட்டி இறங்கியது. நான் தைத்துக் கெடுத்த இடத்தில் பழைய தையலுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு நூல் இடம்தான் இருந்தது. அந்த ஒரு நூல் இடத்திலேயே போய்க் கடந்துவிட்டாள். பட்டியின் முனையில் மட்டும் ஊசியைத் துணிக்குள் விட்டு, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்கினாள். அடுத்த ஓரத்தையும் அப்படியே முடித்தாள்.

அங்கியைத் திருப்பி விரித்தபோது கருநீலத்தில் பொன்னிறக் கோடு ஓடியது, எங்கேயும் தொய்வில்லை. கெட்டிலிலிருந்து வந்த ஆவியில் காட்டி, நசுங்கின முடியையும் ஈரத் தூரிகையால் அவளே எழுப்பிவிட்டாள். நான் நல்லா இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. புருலைத் தனியாக இழுத்துப் போய், அவள் என்னைத் திட்டினதும் மெஷினில் உட்கார்ந்ததும் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று ரொட்டிமேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் நாலு பேர் போனோம். என் கணவர், அசன்பாய், நானும் புருலும். குபாத்தை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். சத்தர்குல்லின் வீட்டு வாசலில் காலை வைத்தோம். உள்ளே சீருடையில் ஒரு போலீஸ்காரர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தர்குல் எங்களை விருந்தாளிக்குரிய மேலிடத்தில் உட்காரச் சொல்லவில்லை. கதவுப் பக்கம் காட்டினார். அவர் மனைவி ஜிபாரா ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள், வாசலுக்கு வந்த யாருக்கும் அதை இல்லையென்று சொல்ல முடியாது. அவ்வளவுதான். அவளும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அசன்பாய் நன்றாகப் பேசினார். பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டார்கள், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், தலை குனிந்து வந்திருக்கிறோம் என்றார். எழுந்து போய்ச் சாபானை விரித்து சத்தர்குல்லின் தோளில் போட்டார். சத்தர்குல் அசையவில்லை. உதறவும் இல்லை. கையைக் கொடுத்து மெதுவாகக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, கழுத்துப் பட்டியைப் புரட்டினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"யார் தச்சது?"

புருல் முந்திக்கொண்டு, நான்தான் என்றாள். எந்தப் பாதம் போட்டீர்கள் என்று கேட்டார். பள்ளம் வெட்டினது, மாஸ்கோவிலிருந்து கொண்டுவந்தது என்றாள், வாய் கொள்ளாத பெருமையோடு. சத்தர்குல் நகத்தால் பைப்பிங்கின் ஓரம் முழுக்கக் கோடு இழுத்துப் பார்த்தார்.

"பள்ளப் பாதம் ரெண்டு பக்கமும் அழுத்தும். இங்க முன்னோரத்துல பாரு, வெல்வெட் முடி ஒண்ணுகூடப் படியல. இது ஒத்தப் பாதம். கழுத்து வளைவுல நிறுத்தாம ஓட்டியிருக்கு. இப்படி ஓட்டற கை என் பட்டறையில ஒண்ணுதான் இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "திரை அவுக்கல. அதுக்குள்ள என் பொண்ண மெஷின்ல உக்கார வச்சிட்டீங்க. அடிமையாட்டம். அதையும் கொண்டுவந்து என் தோள்லயே போடறீங்க."

போலீஸ்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். என் கணவர் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் பிள்ளை முற்றத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனைக் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றுவார்கள்.

என்ன சொன்னால் இவர் நம்புவார் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னேன் என்றால் கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் என் தலை உருளும். ஊல்கானை மருமகள் வந்த மறுநாளே என்ன சொன்னாள் தெரியுமா என்று பேத்திகள்கூடச் சிரிப்பார்கள். சொல்லித் தொலைத்தேன்.

"உக்கார வைக்கலங்க. அவதான் எங்கள எழுப்பிவிட்டா. இவங்க சொன்ன அந்தப் பள்ளப் பாதத்தப் போட்டு நான்தான் தச்சுக்கிட்டிருந்தேன். திரைக்குள்ளேர்ந்து கத்தினா. இன்னொரு தையல் விழுந்தா கைய ஒடிச்சிருவேன்னா."

"யார் கைய?"

"என் கையத்தான்."

அசன்பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார், என் கணவரும். அவர்களுக்கே இது புதுச் செய்தி. வாசல்படியில் நின்றிருந்த ஜிபாரா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தர்குல் என்னை நம்பாத பார்வை பார்த்தார்.

"அப்படியே சொல்லு. அவ என்ன சொன்னாளோ அதயே சொல்லு."

அதையும் சொன்னேன். மெஷின்ல யாரு என்றதிலிருந்து மாட்டுக் குளம்பு வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல், இத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே. மாட்டுக் குளம்பு என்றதும் ஜிபாரா சுவரில் சாய்ந்து அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, தோள் குலுங்கியது. அது பட்டறையில் சத்தர்குல் வாயிலிருந்து நாள் முழுக்க வருகிற வசவு என்று அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள். புருல் தன் சத்தியத்தை மறந்துவிட்டு, ஆமாம், நான் பக்கத்தில்தான் இருந்தேன், என் பாதத்தைத்தான் அப்படிச் சொன்னாள் என்று மூக்கை உறிஞ்சினாள்.

சத்தர்குல் வெகுநேரம் கழுத்துப் பட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பயந்து கெடக்கற புள்ள மாமியார் கைய ஒடிப்பேன்னு சொல்லாது" என்றார், போலீஸ்காரரைப் பார்த்து.

போலீஸ்காரர் தொப்பியை மறுபடி முழங்காலில் வைத்தார். ஜிபாரா உள்ளே போய், கிடாவை இறக்கச் சொல்லி யாரையோ அதட்டினாள். நேரம் கழித்து ஈரலும் வால்கொழுப்பும் தட்டில் வந்தன. சத்தர்குல் தன் கையாலேயே ஒரு கவளம் எடுத்து என் கணவரின் வாயில் வைத்தார். என் கணவர் மென்றுகொண்டே அழுதார். எங்களை மேலிடத்துக்கு மாறி உட்காரச் சொன்னார்கள். நானும் ஒரு கவளம் தின்றேன்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார் சத்தர்குல். சாபானைப் போட்டு, இடுப்பில் கச்சை கட்டியிருந்தார். அவர் உயரத்துக்கு அது எடுப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"கை நீளம் ஜாஸ்தி. ரெண்டு விரல் குறைக்கணும். இதுல வேற யார் கையும் படக் கூடாது. அவளையே வந்து குறைச்சுத் தரச் சொல்லுங்க. திரைய அவுத்ததும் வரட்டும்."

கல்யாணமான பெண் தன் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க எங்கள் பக்கம் மாதக்கணக்கில் ஆகும். அசன்பாய் அந்த வழக்கத்தைச் சொல்லத்தான் தொண்டையைக் கனைத்தார். நான் அவர் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தேன். சத்தர்குல்லின் நீட்டின கைகளைப் பார்த்தேன். சாபானின் கை மணிக்கட்டு எலும்பில் வந்து, அளந்து வைத்ததுபோல நின்றிருந்தது.

"ஆமா சம்பந்தி, நீளமாத்தான் இருக்கு" என்றேன். "அனுப்பி வைக்கிறேன்."